காப்பி என்றாலே திருட்டா?

'காப்பி' என்ற ஒரே ஆங்கில வினைச்சொல்லைப் பற்றி இம்முறை நிறையக் கடிதங்கள். சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

என் மகளின் பள்ளிக் குறிப்பேட்டில் 'காப்பி அவுட் தி போயம்' என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். பார்த்து எழுதாதே என்று கண்டித்து வளர்த்த பிள்ளையிடம் இப்படிச் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். தமிழில் 'காப்பி'யோடு 'அடித்தல்' ஒட்டிக்கொண்டதால், அந்தச் சொல்லைக் கேட்டதுமே நமக்குப் பரீட்சை அறையும் பக்கத்து இருக்கையும் நினைவுக்கு வருகின்றன. ஆங்கிலச் சொல்லில் அந்தக் கறை இயல்பாகவே இல்லை. 'மிகுதி, வளம்' என்று பொருள்படும் 'கோப்பியா' என்ற லத்தீன் சொல்தான் அதன் வேர். 'ஏராளமான' என்னும் 'கோப்பியஸ்' அதன் உடன்பிறப்பு. ஒன்றைப் பலவாகப் பெருக்குவதுதான் படியெடுத்தல். ஓலைச்சுவடிகளைத் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்தவர்கள் இல்லையென்றால் சங்கப் பாடல்கள் செல்லரித்துப் போயிருக்கும். அந்த வேலையைத் திருட்டு என்று யார் சொல்வார்கள்?

பின்னால் வரும் சிறுசொல்லைக் கவனியுங்கள். 'காப்பி அவுட்' என்றால் இருப்பதை முழுமையாக எழுதுவது. 'காப்பி டவுன்' என்றால் கரும்பலகையில் உள்ளதையோ ஒருவர் சொல்வதையோ குறித்துக்கொள்வது. 'காப்பி ஃப்ரம்' இருபுறமும் சாயும்: அதன்பின் அகராதி வந்தால் குற்றமில்லை, பக்கத்து மாணவன் வந்தால் குற்றம். பேச்சில் வரும் 'காப்பி ஆஃப்' பெரும்பாலும் அந்தக் குற்றத்தைத்தான் சொல்கிறது. தேர்வில் ஒருவன் காப்பி அடித்தான் என்பதை ஐயமின்றிச் சொல்ல வேண்டுமானால் 'ஏமாற்று' என்று பொருள்படும் 'சீட்' என்ற வினையே சரி.

உங்கள் மகள் கவிதையை அழகாக எழுதட்டும். ஒரு கவிதையின் நடை கைக்குப் பழக அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மேலாளர் மின்னஞ்சலில் 'காப்பி மி இன்' என்கிறார். என்ன செய்ய வேண்டும்?

மற்றவருக்கு அனுப்பும் மடலின் நகலை அவருக்கும் அனுப்ப வேண்டும். இது பிரிட்டிஷ் வழக்கு. அமெரிக்கர்கள் 'காப்பி மி ஆன்' என்பார்கள். முகவரிப் பகுதியில் நீங்கள் பார்க்கும் 'சிசி' என்பது 'கார்பன் காப்பி'. தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு தாள்களுக்கு நடுவே கார்பன் தாளைச் செருகிய காலத்தின் மிச்சம் அது.

'ஜெராக்ஸ்' என்பதை வினைச்சொல்லாகப் பயன்படுத்தலாமா?

நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். ஆனால் அது ஒரு நிறுவனத்தின் பெயர். உலர் முறையில் நகலெடுக்கும் நுட்பத்தை செஸ்டர் கார்ல்சன் 1938இல் நியூயார்க்கில் செய்து காட்டினார். 'உலர்ந்த' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பிறந்தது. 1959இல் வந்த 'ஜெராக்ஸ் 914' என்ற இயந்திரம் அதை அலுவலகங்களுக்குள் கொண்டுபோனது. வெளிநாட்டுக்கு விண்ணப்பம் எழுதும்போது 'போட்டோகாப்பி' என்றே எழுதுங்கள். வினையாகவும் பெயராகவும் அது பொருந்தும்.

'இமிடேட்', 'மிமிக்', 'ஏப்' மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. ஒருவரை முன்மாதிரியாகக் கொண்டு அவரைப் போலச் செய்வது 'இமிடேட்'. அதில் மதிப்பும் இருக்கலாம். குரலையும் சாடையையும் அப்படியே கொண்டுவருவது 'மிமிக்', பல வேளைகளில் சிரிக்க வைப்பதற்காக. 'ஏப்' என்றால் அறிவில்லாமல் பின்பற்றுவது. நாம் 'ஈயடிச்சான் காப்பி' என்கிறோமே, மூலத்தில் செத்து ஒட்டியிருந்த ஈயைப் பார்த்து, தானும் ஓர் ஈயை அடித்து ஒட்டிய எழுத்தரின் கதை, அந்த ஏளனத்துக்கு அருகில் வரும் சொல் 'ஏப்'தான். மனிதர்களைப் பற்றி எழுதும்போது அதை யோசித்துப் பயன்படுத்துங்கள், புண்படுத்தும்.

விளம்பரம் எழுதுபவர் 'காப்பிரைட்டர்'. அப்படியானால் 'காப்பிரைட்' அவர் செய்யும் வேலையா?

ஒலிதான் ஒன்று. காப்புரிமையைக் குறிக்கும் சொல்லில் உள்ள 'ரைட்', உரிமை. படியெடுக்கும் உரிமை யாருக்கு என்பதை இங்கிலாந்தில் 1710இல் நடைமுறைக்கு வந்த சட்டம் வரையறுத்தது. விளம்பரக்காரரின் 'ரைட்', எழுதுதல். அங்கே 'காப்பி' என்பதற்கு அச்சுக்குத் தரும் வாசகம் என்று பொருள்; பத்திரிகை அலுவலகங்களிலும் அப்படித்தான்.

வானொலித் தொடர்பில் 'டூ யூ காப்பி?' என்று கேட்கிறார்களே?

'நான் சொன்னது காதில் விழுந்ததா, புரிந்ததா?' என்று கேட்கிறார்கள். 'காப்பி தட்' என்றால் விழுந்தது, புரிந்தது.