டிஸ்சார்ஜ் தாமதம்: டாக்டரிடம் பேசுமுன் நேரத்தைக் குறித்து வையுங்கள்

வணக்கம் சார். உங்கள் மருத்துவமனையில் காலை 9 மணிக்கே "வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லியும் நோயாளி கிளம்ப மாலை 5 ஆகிறது, கேட்டால் டாக்டர்கள் கோபப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்கள் கோபத்திலும் நியாயம் உண்டு; தாமதம் முழுக்க அவர்களுடையதாக இருக்காது.

இரண்டு வாரம் ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் ஐந்து நேரங்களைக் குறிக்கச் சொல்லுங்கள்: டாக்டர் சொன்னது, டிஸ்சார்ஜ் சம்மரியில் (சிகிச்சைச் சுருக்கம்) கையெழுத்தானது, மீதி மருந்து ரிட்டர்ன் முடிந்தது, பில் இறுதியானது, டிபிஏ (காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்மைக் கையாளும் நிறுவனம்) ஒப்புதல் வந்தது.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ-யின் 2024 சுற்றறிக்கைப்படி, டிஸ்சார்ஜ் கோரிக்கை கிடைத்த 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் தர வேண்டும். கோரிக்கையே மதியம் 1 மணிக்குப் போனால் மாலைதான் ஆகும்.

சம்மரிதான் பெரும்பாலும் சிக்கும் இடம். சர்ஜன் 8 மணிக்கு ஆபரேஷன் தியேட்டருக்குள் போய்விட்டால் கையெழுத்துக்கு யாரும் இல்லை. மறுநாள் அனுப்பப்போகிறவர்களின் வரைவை டியூட்டி டாக்டர் முந்தின இரவே எழுதட்டும். சர்ஜன் காலை ரவுண்ட்ஸில் திருத்திக் கையெழுத்திடட்டும். காப்பீட்டு முன்அனுமதியில் போட்ட நோய்ப்பெயரும் சம்மரியில் உள்ளதும் ஒன்றா, இம்ப்ளான்ட் (உடலில் பொருத்திய கருவி) ஸ்டிக்கரும் இன்வாய்ஸும் இருக்கிறதா என்பதைக் காப்பீட்டு டெஸ்க் இரவே பார்க்க வேண்டும். இவை பொருந்தாவிட்டால் டிபிஏ கேள்வி கேட்கும். பில்லிங் ஊழியர் தியேட்டருக்குப் போன் போடுவார். சண்டை அங்கேதான் தொடங்குகிறது. அந்த அழைப்பை நிறுத்திவிட்டு, மருத்துவக் கண்காணிப்பாளர் வழியாக மட்டும் கேளுங்கள்.

இந்த நேரக் கணக்கைக் கூட்டத்தில் திரையில் போடாதீர்கள். ஒவ்வொரு டாக்டருக்கும் அவருடைய கணக்கைத் தனியாகக் காட்டுங்கள், உங்கள் பில்லிங் தாமதத்தையும் அதே தாளில் சேர்த்து.