ஹாலோவீன் பாட்லக்குக்கு என்ன செஞ்சு எடுத்துட்டு போறது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா வணக்கம். நாங்க நியூஜெர்ஸி வந்து ஒரு வருஷம்கூட ஆகல, பொண்ணு இப்பதான் கிண்டர்கார்டன் போறா. எங்க அபார்ட்மென்ட் க்ளப் ஹவுஸ்ல அக்டோபர் 31 சாயங்காலம் ஹாலோவீன் பார்ட்டி, பாட்லக், ஆளுக்கு ஒரு ஐட்டம் கொண்டு வரணும்னு ஷீட்ல பேர் எழுதிட்டாங்க. 20 குழந்தைங்க வருவாங்க, அதுல பாதி பேர் நம்ம ஊர்க்காரங்க கிடையாது. நாங்க சைவம். அங்க அடுப்பு இல்ல, ஒரு மைக்ரோவேவ் மட்டும் இருக்கு. நெட்ல தேடினா மார்ஷ்மெல்லோ பேய், ஜெல்லி புழுன்னே வருது. குழந்தைங்க சாப்பிடற மாதிரி, தூக்கிட்டுப் போற மாதிரி ஒண்ணு சொல்லுங்க, வெறும் தட்டோட நின்னுடுவேனோன்னு பயமா இருக்கு.

பதில்: பயப்படாதீங்க தங்கச்சி, முதல் வருஷம் எனக்கும் இதே மாதிரிதான் வயித்தக் கலக்குச்சு. முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க, அன்னிக்கு இனிப்பு செய்யாதீங்க. ஷீட்ல பாதி பேர் கப்கேக், குக்கீன்னுதான் எழுதியிருப்பாங்க, பார்ட்டி முடிஞ்ச உடனே பசங்க இருட்டுற நேரத்துல வீடு வீடா போய் பை நிறைய சாக்லேட் வாங்கிட்டு வரப்போகுதுங்க, அதுக்கு முன்னாடி வயித்துல கொஞ்சம் உப்பு காரமா, கொஞ்சம் சாப்பாடு மாதிரி ஏதாவது போகணும்னுதான் ஒவ்வொரு அம்மாவும் தவிக்கிறாங்க. அந்த டேபிள்ல உப்பு ஐட்டம் கொண்டு வர்றவங்க தட்டுதான் முதல்ல காலியாகும், நான் வருஷா வருஷம் பாக்கறேன்.

அடுத்தது வேஷம் போட்டுட்டு வர்ற குழந்தைய மனசுல நெனச்சுப் பாருங்க. ஒரு கையில மந்திரக்கோல், இல்லன்னா வாள், முகத்துல மாஸ்க், முதுகுல இறக்கை. ஸ்பூன் புடிக்க கை கிடையாது, உக்காந்து சாப்பிட பொறுமையும் கிடையாது. ஒரு கையால எடுத்து ரெண்டு மூணு கடியில முடியணும், ஒழுகக் கூடாது, எண்ணெய் வடியக் கூடாது. வெள்ளை கவுன் போட்ட இளவரசி மேல தக்காளி சட்னி சிந்துச்சுன்னா அந்தக் குழந்தைக்கு அன்னிக்கு ஹாலோவீனே போச்சு. அதனால பாயசம், தயிர் சாதம், சாஸ் பாஸ்தா எதுவும் வேண்டாம். சமோசா நல்ல ஐட்டம்தான், ஆனா நம்ம கை காரம் மத்த பசங்களுக்கு தாங்காது, ஆறினா எண்ணெயும் தெரியும்.

என் சிபாரிசு மம்மி பஃப்ஸ். அமெரிக்காக்காரங்க சாசேஜ் மேல மாவு பட்டை சுத்தி பண்ற மம்மி டாக்ஸ்தான் இது, நாம சாசேஜ் இடத்துல உருளைக்கிழங்கு வைக்கப்போறோம், அவ்வளவுதான். நம்ம ஊர் பேக்கரி வெஜ் பஃப்ஸ் ஞாபகம் இருக்குல்ல, அதே ருசி, பாக்க மட்டும் துணி சுத்தின எகிப்து மம்மி மாதிரி இருக்கும். கடையில ஃப்ரோஸன் பகுதியில பஃப் பேஸ்ட்ரி ஷீட் கிடைக்கும், ஒரு பாக்கெட்டுல பொதுவா ரெண்டு ஷீட் இருக்கும், கிட்டத்தட்ட 24 மம்மி வரும். பாட்லக்ல மத்த ஐட்டமும் இருக்கறதால 20 குழந்தைங்களுக்கு இது போதும், பெரியவங்களும் கை வைப்பாங்கன்னு தோணுச்சுன்னா ரெண்டு பாக்கெட்டா போட்டுடுங்க.

நாலு மீடியம் உருளைக்கிழங்க தோலோட வேக வச்சு எடுங்க, தோல் சீவி வெட்டிப் போட்டா தண்ணி குடிச்சு மசாலா கொழகொழன்னு ஆயிடும். நல்லா மசிச்சு உப்பு, கொஞ்சம் சீரகத்தூள், துளி மிளகுத்தூள், ரெண்டு ஸ்பூன் ப்ரெட் க்ரம்ஸ், அவ்வளவு போதும். பச்சை மிளகா நறுக்கிப் போடாதீங்க ப்ளீஸ், ஒரு குழந்தை வாயில ஒரு துண்டு மாட்டுச்சுன்னா அப்புறம் ஒரு பிள்ளையும் அந்தத் தட்டு பக்கம் வராது. விரல் கனத்துல, விரல் நீளத்துல உருட்டி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜ்ல வைங்க, இது ரொம்ப முக்கியம், சில்லுன்னு இறுகினாதான் சுத்தும்போது உடையாது. (மசிக்க நேரம் இல்லன்னா பனீர விரல் விரலா வெட்டி உப்பு தடவியும் சுத்தலாம், அதுவும் நல்லா இருக்கும்.)

பேஸ்ட்ரி ஷீட்ட முக்கால் மணி நேரம் வெளிய வச்சா மடிப்பு பிரியற அளவுக்கு இளகும், அதுக்கு மேல விட்டா பிசுபிசுன்னு ஒட்டும். கால் இஞ்ச் அகலத்துல நீள நீளமா பட்டையா வெட்டி ஒவ்வொரு உருளைக்கிழங்கு மேலயும் ரெண்டு மூணு பட்டைய குறுக்கும் நெடுக்குமா சுத்துங்க, ஒழுங்கா இருக்கணும்னே இல்ல, கோணலா இருந்தாதான் மம்மி. மேல் பக்கம் கண்ணுக்கு கொஞ்சம் இடம் விடணும். ஓவன்ல அடுக்கி வச்சிருக்கற வாணலி, தட்டு எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு (நம்ம வீடுகள்ல ஓவன் பாத்திர அலமாரிதானே) 400 டிகிரி ஃபாரன்ஹீட்ல நல்லா சூடு பண்ணி, மேல பால் தடவி, 18ல இருந்து 20 நிமிஷம், பொன்னிறமா வந்ததும் எடுங்க. கண்ணுக்கு கருப்பு ஆலிவ்ல பொடிப்பொடியா வெட்டி துளி க்ரீம் சீஸ் வச்சு ஒட்டுங்க. கடையில விக்கற சர்க்கரைக் கண்ணு அழகா இருக்கும், ஆனா குட்டியா கெட்டியா இருக்கறதால சின்னப் பிள்ளைங்க தொண்டைய நெனச்சா எனக்கு மனசு வராது. டூத்பிக் குத்தறதும் வேண்டாம்.

எடுத்துட்டுப் போற விஷயத்துலதான் நெறைய பேர் கோட்டை விடறாங்க. சுடச்சுட டப்பால போட்டு மூடினா ஆவி உள்ளயே நின்னு மொறுமொறுப்பு போயிடும். கம்பி ரேக்ல ஆற விட்டு, பேப்பர் டவல் விரிச்ச ஃபாயில் ட்ரேல ஒரே அடுக்கா வச்சு, மேல ஃபாயில தளர்வா மூடுங்க. க்ளப் ஹவுஸ் மைக்ரோவேவ்ல மட்டும் வைக்காதீங்க, பேஸ்ட்ரி ரப்பர் மாதிரி ஆயிடும், இது ஆறியும் நல்லாதான் இருக்கும். கிளம்பற நேரத்துக்கு முன்னாடி சுட்டு எடுங்க, காலையிலயே சுட்டு மேடையில வைக்காதீங்க. கெட்டுப் போற சாப்பாடு வெளிய ரெண்டு மணி நேரத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு அமெரிக்க விவசாயத் துறையே சொல்லுது, 40 டிகிரில இருந்து 140 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் கிருமி வேகமா பெருகும், எடுத்துட்டுப் போற நேரமும் அந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ளதான் சேரும். மிச்சம் இருந்தா பாவமேன்னு மறுநாளுக்கு எடுத்து வைக்காதீங்க.

மார்ஷ்மெல்லோ, ஜெல்லி புழு பத்தி எழுதியிருந்தீங்கல்ல, நீங்க சைவம்னா கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். ரெண்டுலயும் சாதாரணமா ஜெலட்டின் இருக்கும், அது மாடு, பன்றியோட தோல், எலும்புல இருந்து எடுக்கறது. ஹாலோவீனுக்குன்னே வர்ற மஞ்சள் ஆரஞ்சு வெள்ளை கலர் கேண்டி கார்ன் இருக்கே, அதுலயும் பெரும்பாலும் ஜெலட்டின் உண்டு. பொண்ணு பையில வர்ற மிட்டாய்க்கும் சேத்து லேபிள் படிக்கப் பழகிக்கங்க. சைவ மார்ஷ்மெல்லோ தனியா விக்கறாங்க, தேடினா கிடைக்கும்.

சமைக்கவே முடியாத நாளா போச்சுன்னா மாண்டரின் ஆரஞ்ச உரிச்சு நடுவுல ஒரு குட்டி செலரி குச்சி சொருகுங்க, அச்சு அசல் பூசணிக்காய், அஞ்சு நிமிஷ வேலை. வாழைப்பழப் பேய் மட்டும் வேண்டாம், போய் சேர்றதுக்குள்ள கருத்துடும். திராட்சை வைக்கறதா இருந்தா நீளவாக்குல நாலா கீறி வைங்க. பாப்கார்ன் நாலு வயசுக்குக் கீழ உள்ள பசங்களுக்கு ஆகாது, தம்பி தங்கச்சிங்களும் வருவாங்க, பாத்துக்கங்க.

கேள்வி: வணக்கம் அக்கா, நான் ஸ்காபரோவில இருக்கிறன். மகன்ர நண்பன் வீட்டில ஹாலோவீன் பாட்லக் வைக்கினம். நான் எப்பவும் ரோல்ஸ்தான் (உள்ளுக்கு கறி வைச்சுச் சுருட்டினது) பொரிச்சுக் கொண்டு போறனான், பிள்ளைகள் விரும்பிச் சாப்பிடுவினம். இந்தமுறை வாற ஒரு பிள்ளைக்கு கச்சான் (வேர்க்கடலை), கஜு (முந்திரி), எள்ளு ஒண்டும் ஒத்துக்கொள்ளாதாம். ரோல்ஸ் கொண்டு போகலாமோ, என்னத்தைக் கவனிக்கோணும் எண்டு சொல்லுங்கோ.

பதில்: தாராளமா கொண்டு போகலாம்மா, உங்க ஊர் ரோல்ஸ் மாதிரி கையில புடிச்சு சாப்பிட தோதான ஐட்டம் வேற எது இருக்கு சொல்லுங்க. பொரிக்கறதுக்கு முன்னாடி அந்தக் குழந்தையோட அம்மாகிட்ட ஒரு போன் போட்டு நேரா கேட்டுடுங்க, வேற எதுவும் சேராதா, மத்த சாமான் புழங்கற சமையலறையில செஞ்சத குடுக்கலாமான்னு. அவங்க வேண்டாம்னு சொன்னா மனசுல எடுத்துக்காதீங்க, அவங்க பயம் அவங்களுக்குத்தான் தெரியும்.

நம்ம சமையல்ல எள்ளு ஒளிஞ்சிருக்கற இடம் நெறைய. தாளிக்கற நல்லெண்ணெய் எள்ளுதான், இட்லிப் பொடியில எள்ளு, முறுக்குல எள்ளு, வெளிய வாங்கற ப்ரெட் க்ரம்ஸ்லயும் எள்ளு இருக்கலாம். எள்ளு கண்ணுக்கே தெரியலையேன்னு நாம நல்லெண்ணெய் ஊத்திடுவோம், அங்கதான் ஆபத்து. அமெரிக்காவுல ஒன்பதாவது முக்கிய அலர்ஜி பொருளா எள்ள சேத்து 2023 ஜனவரி 1ல இருந்து பாக்கெட்ல கண்டிப்பா எழுதணும்னு சட்டமே வந்துடுச்சு. உங்க கனடாவுல கடுகும் அந்த லிஸ்ட்ல இருக்கு, அதனால கறி தாளிக்கும்போது கடுகு போட்டா அதையும் சொல்லிடணும். எண்ணெய் புதுசா ஊத்துங்க, கச்சான் வறுத்த வாணலி, கஜு நறுக்கின பலகை எல்லாம் அன்னிக்கு தொடாதீங்க, சோப்பு போட்டு கழுவின வேற பாத்திரம் எடுங்க.

ட்ரே மேல ஒரு அட்டையில என்னென்ன போட்டீங்கன்னு முழுசா எழுதி ஒட்டுங்க, கோதுமை மாவு, முட்டை, மீன், ஒண்ணு விடாம. சும்மா நட்ஸ் இல்லன்னு எழுதறதவிட இது எவ்வளவோ உபயோகம், பால் சேராத குழந்தையோட அம்மாவும் அதப் பாத்து முடிவு பண்ணுவாங்க. இறைச்சி ரோல்ஸா இருந்தா ரெண்டு மணி நேரக் கணக்கு இன்னும் கண்டிப்பு. சின்னவங்களுக்கு பாதி அளவுல சுத்துங்க, முழு ரோல்ஸ் பாதி தின்னுட்டு பாதி தரையில கிடக்கும். அப்புறம், உங்க வீட்டு வாசல்ல நீலப்பச்சை கலர் அடிச்ச ஒரு பூசணிக்காய் வைக்க முடிஞ்சா வைங்க. இந்த வீட்ல திங்கற சாமான் இல்லாத பரிசும் இருக்கு, ஸ்டிக்கர், பென்சில், குட்டி பொம்மைன்னு அர்த்தம். ஃபேர்ங்கற அமெரிக்க அலர்ஜி அமைப்பு 2014ல நாடு முழுக்க இத பரப்புச்சு. அலர்ஜி உள்ள குழந்தை அந்தப் பூசணிய பாத்துட்டு ஓடி வர்றத ஒருதரம் பாத்தீங்கன்னா அப்புறம் வருஷா வருஷம் நீங்களே வைப்பீங்க.

கேள்வி: நான் மதுரை, பொண்ணு வீட்டுக்கு டல்லாஸ் வந்திருக்கேன், வயசு 66. பேத்தி ஹாலோவீன் பார்ட்டிக்கு பாட்டி ஏதாவது செஞ்சு குடுன்னு கேக்கறா. பேய்க்கு பண்டிகைன்னு சொல்றாங்க, ஐப்பசி மாசத்துல இதெல்லாம் பண்ணலாமான்னு ஒரு உறுத்தல். எனக்கு ஓவனும் பழக்கமில்ல.

பதில்: அம்மா, உங்க உறுத்தல் எனக்கு நல்லா புரியுது. ஆனா இது பேய கும்பிடற நாள் இல்ல. நவம்பர் 1 கிறிஸ்தவங்களுக்கு அனைத்துப் புனிதர்கள் திருநாள், அதுக்கு முந்தின சாயங்காலம்ங்கறதுதான் ஹாலோவீன்ங்கற பேரோட அர்த்தமே. அதுக்கு மறுநாள் நவம்பர் 2 நம்ம ஊர்ல கல்லறைத் திருநாள், மதுரையில கல்லறைகள சுத்தம் பண்ணி பூ போட்டு மெழுகுவத்தி ஏத்தறத நீங்களே பாத்திருப்பீங்க. அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கம் அறுவடை முடிஞ்சு குளிர்காலம் தொடங்கற நேரத்துல Samhain (சாவின்)னு ஒரு பழைய பண்டிகை இருந்துச்சு, டர்னிப் கிழங்க குடைஞ்சு உள்ள விளக்கு வைப்பாங்க, அந்த ஊர் ஜனங்க 19ஆம் நூற்றாண்டுல அமெரிக்காவுக்கு வந்தப்போ இங்க பூசணிக்காய் பெருசா கிடைச்சதால அதுக்கு மாறிட்டாங்க. 2024ல தீபாவளியும் இதுவும் ஒரே நாள்ல வந்துச்சு, நெறைய நம்ம வீடுகள்ல காலையில எண்ணெய் தேச்சு குளிச்சு புதுத்துணி, சாயங்காலம் பேய் வேஷம்னு பசங்க ரெண்டையும் கொண்டாடுச்சுங்க.

உங்களுக்கு ஓவனே வேண்டாம், இட்லிப் பானை போதும். மினி இட்லி தட்டுல மாவு ஊத்தி நாலு நிமிஷம் வெந்து மேல லேசா இறுகினதும் திறந்து, ஒவ்வொண்ணு மேலயும் தாள் மாதிரி மெல்லிசா சீவின கேரட் வட்டம் ஒண்ணு, அதுக்கு நடுவுல கருப்பு ஆலிவ் துண்டு ஒண்ணு வச்சு லேசா அமுக்கி மூடி வேக விடுங்க. எடுத்துப் பாத்தா அப்படியே முழிச்சுப் பாக்கற கண்ணுமுழி, பேத்தி கத்தியே தீத்துடுவா. பொடி, நல்லெண்ணெய் போட்டு பிரட்டாதீங்க, மேல சொன்ன எள்ளுக் கதைதான், துளி தேங்காயெண்ணெய் தடவினா காயாம இருக்கும். சட்னி வேணும்னா தனி டப்பால தேங்கா சட்னி, வெள்ளையா இருக்கறதால ட்ரெஸ்ல பட்டாலும் தெரியாது, ஆனா ஐஸ் பேக் மேல வச்சு எடுத்துட்டு போங்க, தேங்கா சட்னி சீக்கிரம் ஊசிடும்.

தீபாவளி முறுக்கு போட்டிருந்தா அதையும் பாட்லக்குக்கு தாராளமா குடுத்து விடலாம், அட்டையில எள்ளுன்னு எழுதி. வாசல்ல வந்து நிக்கற பசங்க பையில மட்டும் போடாதீங்க, வீட்ல செஞ்சு பொட்டலம் கட்டாத பண்டத்த இங்க அம்மாமாருங்க எடுத்து வெளிய போட்டுடுவாங்க, நீங்க ஆசையா சுட்டது அப்படி போகக் கூடாது. அவங்களுக்கு கடையில வாங்கின பாக்கெட் மிட்டாயே குடுங்க, முறுக்கு பாட்லக் டேபிளுக்கு.