புது நாட்டில் குடியேறிய முதல் வருடம் உங்களுக்கு எப்படி இருந்தது?

கனடா விசா வந்துவிட்டது, அம்மா அழுதுகொண்டே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே பதில் சொன்ன எல்லோரும் விமானம் ஏறிப் போனவர்கள். நான் கப்பலில் வந்தவள், அதுவும் இந்தியாவுக்கு. "அது குடியேற்றமே இல்லை, தாயகம் திரும்பியதுதானே?" என்று கீழே ஒருவர் எழுதுவார். ஐம்பது வருடமாக இதைக் கேட்டாகிவிட்டது. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீட்டை லயம் என்போம்). அப்பா பிறந்ததும் அங்கேதான், தாத்தா பிறந்ததும் அங்கேதான். துறையூர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிப் போனவர் அதற்கும் முந்தின தலைமுறை. 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்ததும் தோட்டத்துச் சனம் எந்த நாட்டுக்கும் இல்லாமல் போனது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சமிருந்த ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். லயத்தில் வந்து யாரும் எங்களைக் கேட்கவில்லை. அப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார், சித்தப்பா இலங்கைக்கு. பாட்டி சித்தப்பாவோடு இருந்துவிட்டார்.

1973இல் கிளம்பினோம். எனக்குப் பத்து வயது. ஹட்டனில் கோச்சி ஏறினோம் (ரயிலை நாங்கள் கோச்சி என்போம்). தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் வாழையிலையில் கட்டி, பாட்டி ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார். கோச்சி நகர்ந்ததும் பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரி. தலைமன்னாரில் ராமானுஜம் கப்பல், ராமேஸ்வரம், அப்புறம் மண்டபம் முகாம். தாயகம் திரும்புவோருக்குக் கொடுத்த குடும்ப அட்டையை (ரேஷன் அட்டை இல்லை) அப்பா சட்டைக்குள் வைத்து, வரிசை நகரும்போதெல்லாம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். அதில் ஐந்து பெயர் இருந்தது. பாட்டி பெயர் இல்லை.

முதலில் துறையூர்ப் பக்கம் சொந்தம் தேடிப் போனோம். இரண்டு வாரம் சோறு போட்டார்கள். அதற்கு மேல் அவர்களுக்கும் வசதியில்லை, குறை சொல்ல மாட்டேன். நீலகிரியில் தேயிலை வேலை இருக்கிறது என்று முகாமில் சொல்லியிருந்தார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுப்பதற்கென்றே தமிழ்நாடு அரசு 1968இல் இங்கே தேயிலை போட ஆரம்பித்திருந்தது. பின்னால் டான்டீ என்ற அரசுத் தேயிலைக் கழகம் ஆனது அதுதான். கோத்தகிரிக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கியபோது குளிரும் பனிமூட்டமும் ஊரைப் போலவே இருந்தன. அம்மா அன்றைக்குத்தான் சிரித்தார்.

ஆனால் பறிக்கக் கொழுந்து இல்லை. கன்று நட்டு மூன்று நான்கு வருடம் போனால்தான் ஒழுங்காகக் கொழுந்து எடுக்க முடியும். பன்னிரண்டு வயதிலிருந்து கொழுந்து எடுத்த அம்மாவை நாற்றங்காலில் உட்கார வைத்து, பாலிதீன் பையில் மண் நிரப்பச் சொன்னார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும் வழியில் இந்த மலையின் பழங்குடிகளான படகர் வீட்டுத் தேயிலைத் தோட்டம் ஒன்று உண்டு. ஒருநாள் நடக்கிற நடையிலேயே அம்மாவின் கை செடி மேல் போனது. இரண்டு இலை, ஒரு கொழுந்து. ஒடிக்கும்போது சத்தமே வராது. ஒரு பத்தடி தூரம் அப்படியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். நிமிர்ந்து பார்த்தால் தோட்டத்துக்கார அம்மா நிற்கிறார். திருட்டுப் பட்டம் வரப்போகிறது என்று நான் நடுங்கினேன். அவர் அம்மாவின் கையைத்தான் பார்த்தார். "ஏம்மா, சிலோனா? கை சொல்லுதே. ஞாயித்துக்கிழமை வர்றியா?" என்றார். அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமைக் கூலியும், அவர் மடி நிறையப் போட்டுவிடும் உருளைக்கிழங்கும்தான் எங்களைக் காப்பாற்றின. அம்மா அவரைக் கடைசிவரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்.

எல்லோரும் அப்படி இல்லை. கடையில் போய் "ஒரு ராத்தல் பாண் தாங்க" என்றேன். நான் கேட்டது ரொட்டி. கடைக்காரர் வெற்றிலையைக் காட்டினார், நின்றவர்கள் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயரே கிடையாது, "ஏ சிலோன்" என்பார் வாத்தியார். இலங்கையில் எங்களைக் கள்ளத்தோணி (திருட்டுத்தனமாகப் படகில் வந்தவர்கள்) என்றார்கள். இங்கே சிலோன் அகதி. அகதி என்ற சொல்லில் எனக்கு எந்த இளக்காரமும் இல்லை. 1983க்குப் பிறகு உயிருக்குப் பயந்து ஓடிவந்தவர்களின் கஷ்டம் எங்கள் கஷ்டத்தைவிடப் பெரிது. ஆனால் நாங்கள் இரண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்டு அனுப்பிய இந்தியக் குடிமக்கள். அதைத் தெரிந்துகொண்டு பேசினால் போதும். "வேலை கொடுத்தார்கள், வீடு கொடுத்தார்கள், இன்னும் என்ன?" என்பவர்களுக்கும் சொல்கிறேன், கொடுத்ததை நான் மறுக்கவில்லை. என் அம்மா மண் நிரப்பிய பையில் வளர்ந்த கன்றுதான் இன்றைக்கு மலை முழுக்கப் பச்சையாக நிற்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தப் பச்சையைப் பார்த்துத்தான் இப்போது சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்துகிறார்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிரைக்குள் நுழைந்து, கிளையை மிதித்து ஒடித்து, போட்டோவுக்கு நின்றுவிட்டு, தண்ணீர் பாட்டிலைச் செடிக்கடியில் போட்டுவிட்டுப் போகிறார்கள். கொழுந்து எடுக்கிற பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுகிறார்கள். "அக்கா, எடுக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கிடையாது. மழையில் அட்டை கடித்துக்கொண்டிருக்கும் நேரம் அது, அவளுக்குக் கிலோக் கணக்கு இருக்கிறது. தயவு செய்து ரோட்டிலேயே நில்லுங்கள்.

சரி, உங்களுக்கு வருகிறேன். காகிதங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். என் மகனின் சாதிச் சான்றிதழுக்குக்கூட அந்தக் குடும்ப அட்டையைத்தான் கேட்டார்கள். கடைக்குப் போனால் அந்த ஊர்ச் சொல்லைக் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள், வீட்டில் உங்கள் சொல்லையே பேசுங்கள். நாங்கள் வீட்டில் இன்றைக்கும் பாண்தான் சாப்பிடுகிறோம்.

அம்மாவுக்குத் தினமும் போன் செய்யுங்கள். எங்களுக்குக் கடிதம்தான். பாட்டிக்கு எழுதத் தெரியாது, சித்தப்பா எழுதுவார். "அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது" என்றுதான் ஒவ்வொரு கடிதமும் தொடங்கும். ஆறு கடிதம் அப்படி வந்தது. ஏழாவதில் அந்த வரி இல்லை.