படகுக்குள் ஒரு பம்பரம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 15 மீட்டர் மோட்டார் யாட் வைத்திருக்கிறேன். நங்கூரம் போட்டு நின்றால் பக்கவாட்டில் உருள்கிற உருளலில் வந்தவர்கள் சாப்பாட்டுத் தட்டையே தள்ளி வைத்துவிடுகிறார்கள். கைரோ போடலாமா, ஃபின் போடலாமா?

பதில்: விடையை நீங்களே சொல்லிவிட்டீர்கள், "நங்கூரம் போட்டு நின்றால்" என்று. ஃபின் என்பது படகின் அடிவயிற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறகு. தண்ணீர் அதைத் தாண்டி ஓடினால்தான் அதற்கு வேலை, அதன் பலமும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும், அதாவது வேகம் பாதியானால் பலம் கால் பங்காகிவிடும். நிற்கும்போதும் துடுப்புப் போடுவதுபோல் அசைந்து வேலை செய்கிற ஃபின்களும் வந்துவிட்டன, ஆனால் அவற்றுக்குப் பெரிய சிறகு வேண்டும், ஓடும்போது அதுவே இழுவை, கயிறு வலை சிக்குகிற தொல்லை வேறு. கைரோ என்பது படகுக்குள்ளேயே வேகமாகச் சுற்றுகிற கனமான சக்கரம், அதற்கு வெளியே நீட்டுகிற உறுப்பே கிடையாது, படகு நின்றாலும் ஓடினாலும் அதற்கு ஒன்றுதான். வாரக்கணக்கில் நெடுந்தூரம் ஓடுகிறவராக இருந்தால் ஃபின் பக்கம் பாருங்கள் என்றிருப்பேன். உங்களுக்குக் கைரோ.

கேள்வி: இந்தச் சக்கரம் சுற்றினால் படகு ஏன் ஆடாமல் நிற்கிறது? விற்கிறவர் சொன்னது தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

பதில்: பம்பரம் விட்டிருப்பீர்கள். வேகமாகச் சுற்றுகிற பம்பரத்தை ஒரு பக்கம் தள்ளினால் அது தள்ளிய பக்கம் சாயாது, குறுக்கே போகும். கைரோவிலும் அதேதான். படகு இடம் வலமாக உருளும்போது உள்ளே சுற்றுகிற கனமான சக்கரத்தைத் தாங்கும் சட்டம் முன்னும் பின்னுமாகச் சாய்கிறது, அந்தச் சாய்வு உருளலுக்கு எதிரான ஒரு முறுக்கு விசையைத் திருப்பிக் கொடுக்கிறது. சட்டம் எவ்வளவு வேகமாகச் சாயலாம் என்பதை ஹைட்ராலிக் பிரேக் கட்டுப்படுத்தும். இது புது வித்தையும் இல்லை. ஓட்டோ ஷ்லிக் என்கிற ஜெர்மன் பொறியாளர் 1906-இலேயே ஒரு பழைய டார்பிடோ படகில் சோதித்துக் காட்டினார், 1930-களில் கோன்டே டி சவோயா என்ற இத்தாலியப் பயணிகள் கப்பலில் மூன்று ராட்சத கைரோக்கள் இருந்தன. சின்னப் படகுக்குள் அடங்குகிற அளவுக்கு வந்ததுதான் புதுசு: சீகீப்பர் போன்ற கைரோ நிறுவனங்கள் சக்கரத்தைக் காற்று நீக்கிய உருண்டைக்குள் வைத்து நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று விடுகின்றன, உராய்வு குறைவதால் சின்னச் சக்கரமே போதுகிறது.

கேள்வி: "50 அடி படகா, இந்த மாடல்" என்று ஒருவர் சொல்லிவிட்டார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். நீளத்தை மட்டும் கேட்டு மாடல் சொல்கிறவர் உங்கள் காலைப் பார்க்காமலே செருப்பு கொடுக்கிறார். பார்க்க வேண்டியவை இரண்டு: டேங்க் நிறைய எரிபொருள், தண்ணீர், ஆட்கள், சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு படகு எத்தனை டன், அப்புறம் அது எவ்வளவு விறைப்பானது. விறைப்பு என்றால், சாய்த்தால் எவ்வளவு வெடுக்கென்று நிமிர்கிறது என்பது, கப்பல் கட்டுகிறவர்கள் அதை ஜிஎம் (GM) என்கிற மீட்டர் கணக்கில் சொல்வார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 டன் படகு, ஜிஎம் 1.2 மீட்டர் என்று வையுங்கள். அதை ஒரு டிகிரி சாய்க்க ஏறக்குறைய 4,100 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். 15,000 நியூட்டன் மீட்டர் தருகிற கைரோ என்றால் மூன்றரை டிகிரி சரிவுள்ள அலை வரைக்கும் ஈடு கொடுக்கும். அதே எடை, ஆனால் அகலமான படகு, ஜிஎம் 1.8 என்றால் அதே கைரோ இரண்டரை டிகிரியிலேயே திணறிவிடும். இரண்டும் ஒரே நீளம்தான்! ஜிஎம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், அமைதியான தண்ணீரில் கயிறுகளைத் தளர்த்திவிட்டு நாலு பேர் பக்கவாட்டில் ஆட்டிவிட்டு, பத்து முழு ஆட்டத்துக்கு எத்தனை விநாடி என்று எண்ணிப் பத்தால் வகுத்து, விறைப்பைக் கணிக்க அந்த எண்ணைத் தயாரிப்பாளரிடம் கொடுங்கள். அதை வாங்கிக்கொள்ள மறுக்கிறவரிடம் நான் கைரோ வாங்க மாட்டேன்.

இன்னொன்று. ஒரு நிறுவனம் முறுக்கு விசையை அச்சிடும், இன்னொன்று கோண உந்தத்தை, அதாவது சக்கரத்தின் கனமும் அது சுற்றுகிற வேகமும் சேர்ந்த அளவை, அச்சிடும். முறுக்கு என்பது கோண உந்தத்தைச் சட்டம் சாய்கிற வேகத்தால் பெருக்கி வருவது, அந்த வேகத்தை எவ்வளவு என்று வைத்துக்கொண்டார்கள் என்பதைப் பொறுத்து எண் ஊதிப் பெருகும். அதனால் ஒப்பிடும்போது சக்கரம் முழு வேகத்தில் சுற்றும்போது கோண உந்தம் எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி: எங்கே வைப்பது? நடுக்கோட்டில் இடமே இல்லை.

பதில்: நடுக்கோடு கட்டாயமில்லை. முறுக்கு எங்கிருந்து வந்தாலும் படகு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் அந்த விசை நொடிக்கு நொடி திசை மாறி இழுக்கும், ஆகவே கீழே இருக்கிற நீள்விட்டங்கள் அதைத் தாங்க வேண்டும், வெறும் தரைப்பலகையில் போல்ட் போட்டு முறுக்கினால் ஒரு பருவம்கூடத் தாங்காது. முன்பகுதி வேண்டாம், அங்கே அலை அடிக்கிற அடியில் பேரிங் சீக்கிரம் தேயும். எஞ்சின் அறையும் பின்பகுதியும் நல்லது. சீகீப்பர் வரிசையில் மிகச் சிறியதே சுமார் 165 கிலோ, எனவே ஒரு பக்கம் தள்ளி வைத்தால் எதிர்ப்பக்கம் பேட்டரியையோ வேறெதையோ நகர்த்திச் சமன் செய்ய வேண்டியிருக்கும்.

வைக்கும்போதே வெளியே எடுக்கிற வழியையும் யோசியுங்கள். நான் பார்த்த ஒரு படகில் கைரோவை இறக்கிவிட்டு மேலே சலூன் (படகின் உட்காரும் அறை) தரையை அழகாகப் போட்டு மூடிவிட்டார்கள், பேரிங் மாற்றும் நாள் வந்தபோது அந்தத் தேக்குத் தரையை ரம்பத்தால் அறுத்தார்கள். உருண்டையைப் படகிலேயே திறந்து பழுது பார்க்கலாம் என்பதைத்தான் ஸ்மார்ட்கைரோ என்கிற நிறுவனம் தன் முதல் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. குவிக் நிறுவனத்தின் கைரோவில் சக்கரத்தின் அச்சு படுக்கையாக இருக்கும், குளிர்விக்கக் காற்றே போதும், கடல்நீர் பம்ப், வடிகட்டி அடைப்பு எல்லாம் மிச்சம். பதிலுக்கு அது இருக்கிற அறையில் காற்றோட்டம் வேண்டும்.

கேள்வி: ராத்திரி முழுக்க ஓடுமா? ஜெனரேட்டர் சத்தத்தில் தூங்கவா கைரோ வாங்குகிறேன்?

பதில்: நியாயமான கோபம். சக்கரம் நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்க அரை மணிக்கு மேல் ஆகும், அப்போதுதான் மின்சாரம் அதிகம் இழுக்கும், பிறகு குறைந்துவிடும். பெரிய லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் இருந்தால் ராத்திரியை ஓட்டிவிடலாம், ஆனால் ஏசியும் சேர்ந்து ஓடினால் கணக்கு வேறு, எழுதிப் போட்டுப் பாருங்கள். கைரோவுக்கும் ஒரு முனகல் உண்டு, உங்கள் படுக்கைக்கு நேர் கீழே வைத்துவிடாதீர்கள்.

கேள்வி: போட்டுவிட்டால் என் மனைவிக்கு வாந்தி நின்றுவிடுமா?

பதில்: உருளலால் வருகிறது என்றால் பெரும்பாலும் நிற்கும். முன்னும் பின்னுமாகக் குத்துகிற ஆட்டத்தையும் மேலும் கீழுமாகத் தூக்கிப் போடுவதையும் கைரோ தொடாது. காற்று அழுத்தி ஒரே பக்கம் சாய்ந்து நிற்கிற படகையும் நிமிர்த்தாது. வாங்குவதற்கு முன் கைரோ உள்ள படகு ஒன்றில் அவரையும் கூட்டிக்கொண்டு போய், அலை இருக்கிற நாளாகப் பார்த்து, ஒரு மணி நேரம் போட்டும் ஒரு மணி நேரம் அணைத்தும் உட்கார்ந்து பாருங்கள். அணைத்துவிட்டு விற்பனைக்காரர் முகத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.