தள்ளுபடியில் கேமிங் மினி பிசி: வாங்கலாமா, உள்ளே என்ன இருக்கும்?

ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் வாசகர் ஒருவரின் கேள்வி இது: “கல்லூரி முதலாண்டு படிக்கும் மகன் கேமிங் மினி பிசி கேட்கிறான். ஆன்லைனில் ஒன்று பார்த்து வைத்திருக்கிறான். ரைசன் 7 8845எச்எஸ் ப்ராசஸர், 32 ஜிபி ராம், 1 டிபி எஸ்எஸ்டி. 68,000 ரூபாய் என்று போட்டு, தள்ளுபடியில் 49,000 என்கிறார்கள். நான் கேள்விப்பட்டிராத சீன பிராண்ட். ‘பெட்டிக்குள்ளேயே வைரஸ் வைத்து அனுப்புவார்கள், வாங்காதே’ என்கிறார் நண்பர். அதே கணினியில்தான் நான் ஜிஎஸ்டி தாக்கல், நெட் பேங்கிங் எல்லாம் செய்ய வேண்டியிருக்கும். என்ன செய்யலாம்?”

வாங்கலாம். ஆனால் அதோடு வரும் விண்டோஸை ஒரு நாள்கூட நம்பிப் பயன்படுத்த வேண்டாம். பணம் கட்டுவதற்கு முன்பு, அந்த பிராண்ட் தன் பழைய மாடல்களுக்கு பயாஸ் (கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) அப்டேட் கொடுத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். கொடுத்ததற்கான தடயமே இல்லையென்றால் 49,000 அல்ல, 39,000-க்குத் தந்தாலும் வேண்டாம் என்பேன்.

உங்கள் நண்பர் சொல்வது வெறும் வதந்தி இல்லை. 2024 தொடக்கத்தில் ஏஸ்மேஜிக் என்ற பிராண்டின் சில மினி பிசிகளில், தொழிற்சாலையில் ஏற்றிய விண்டோஸிலேயே தீய மென்பொருள் இருந்தது தெரியவந்தது. கண்டுபிடித்தவர் ஆய்வகம் வைத்திருந்தவரும் இல்லை; கணினிகளை விமர்சனம் செய்யும் ஒரு யூடியூபர். வந்த பெட்டியை ஆன் செய்து பார்த்தபோது விண்டோஸோடு வரும் வைரஸ் காவலனான டிஃபெண்டரே காட்டிக் கொடுத்துவிட்டது. உள்ளே இருந்தவற்றில் ஒன்று ரெட்லைன். பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டு, கார்டு விவரம், கிரிப்டோ வாலெட் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவது. இன்னொன்று பிளாடபிண்டி. கணினியைத் தூரத்திலிருந்து இயக்கப் பின்வாசல் திறந்து வைப்பது. கணினி சீக்கிரம் ஆன் ஆவதற்காகத் தங்கள் மென்பொருள் ஆட்கள் விண்டோஸில் கைவைத்ததால் வந்த வினை என்று நிறுவனம் விளக்கம் சொல்லி, பணத்தைத் திருப்பித் தரவும் முன்வந்தது.

இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அந்தக் கோப்புகள் ரெக்கவரி பார்ட்டிஷனிலும், அதாவது விண்டோஸ் கெட்டால் மீட்க எஸ்எஸ்டியில் ஒதுக்கி வைத்த பகுதியிலும் இருந்தன. ஏதோ கோளாறு என்று விண்டோஸில் ‘ரீசெட்’ கொடுத்தால், பழையதை அழித்துவிட்டு, பெரும்பாலும் கணினிக்குள் ஏற்கெனவே இருக்கும் கோப்புகளிலிருந்துதான் புதிதாக எடுத்துப் போடும். அழுக்குத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து மொண்டு வீட்டைக் கழுவுவது மாதிரி. ரீசெட் செய்துவிட்டேன், சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

சீன பிராண்ட் என்பதாலேயே பயப்பட வேண்டுமா? நாம் மரியாதையோடு பெயர் சொல்லும் பிராண்டுகளின் கணினிகளும் பெரும்பாலும் அதே நாட்டில்தான் தயாராகின்றன. பெரிய பிராண்ட் என்றாலும் தவறு நடந்திருக்கிறது. 2014 கடைசியில் லெனோவோ விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் இருந்தது. அமெரிக்க நிறுவனம் ஒன்று செய்தது அது. வங்கித் தளத்துக்குப் போகும் பாதுகாப்பான இணைப்பைக்கூட நடுவில் நின்று பிரித்துப் பார்த்தது. போர்டில் அரிசி அளவுக்கு உளவுச் சிப் ஒளித்து வைப்பார்கள் என்ற பயமும் பலருக்கு உண்டு. 2018-ல் ப்ளூம்பெர்க் அப்படி ஒரு செய்தி வெளியிட்டது. ஆப்பிள், அமேசான், சூப்பர்மைக்ரோ மூன்றும் அடியோடு மறுத்தன. அந்தச் சிப்பை இன்றுவரை யாரும் பொதுவில் எடுத்துக் காட்டவில்லை. ஒரு குடும்பக் கணினி வாங்க அந்தக் கவலை தேவையில்லை. பெரிய பிராண்டுக்கும் சின்ன பிராண்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் தவறு தெரிந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். தெரிந்தவர் ஒருவர் இப்படித்தான் ஒரு மினி பிசியை வாங்கி, ‘ஸ்லோவாக இருக்கிறது’ என்று கொண்டு வந்தார். பிராண்டின் பெயர் இங்கே முக்கியமில்லை. புதுக் கணினியை முதல்முறை ஆன் செய்தால் எந்த நாடு, எந்த மொழி, எந்த வைஃபை என்று விண்டோஸ் வரிசையாகக் கேட்க வேண்டும். அவருக்கு அது எதுவுமே வரவில்லையாம், நேராக டெஸ்க்டாப் வந்துவிட்டதாம். ‘வேலை மிச்சம்’ என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். நமக்கு முன்னால் யாரோ உள்ளே போய் உட்கார்ந்து எழுந்திருக்கிறார்கள் என்பதற்கு அதுதான் அடையாளம். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பகுதியின் அடியில் இருக்கும் ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பட்டியலைப் பார்த்தேன். இந்த ஃபோல்டரை எல்லாம் சோதிக்காதே என்று டிஃபெண்டருக்குச் சொல்லி வைக்கும் இடம் அது. புதுக் கணினியில் காலியாக இருக்க வேண்டும். அதில் ஒரு ஃபோல்டர் இருந்தது. உள்ளே விண்டோஸைத் திருட்டுத்தனமாக ஆக்டிவேட் செய்யும் கருவி. அது பாஸ்வேர்டு திருடியதா இல்லையா என்று நான் ஆராயவில்லை. ஆராயத் தேவையும் இல்லை. காவல்காரனிடம் ‘அந்த அறைக்குள் போகாதே’ என்று சொல்லி வைத்த வீட்டில் யார் குடியிருப்பார்கள்?

அதனால் பெட்டி வந்த அன்றே இதைச் செய்யுங்கள். வீட்டு வைஃபையில் சேர்க்காமல், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஆன் செய்யுங்கள். உங்கள் ஜிமெயிலோ, வழக்கமான மைக்ரோசாஃப்ட் கணக்கோ போட வேண்டாம். இதற்கென்று புதிதாக ஒரு கணக்கு உருவாக்கிக்கொள்ளுங்கள். நேராக டெஸ்க்டாப் வருகிறதா என்று பாருங்கள், எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியலைப் பாருங்கள். அப்புறம் செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். ‘டிஜிட்டல் லைசென்ஸ்’ மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று இருந்தால் நல்லது. ‘உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை’ என்கிற பொருளில் ஏதாவது இருந்தால், அலுவலகங்களுக்குத் தரும் மொத்த லைசென்ஸை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் அல்லது அதைப் போலியாகக் காட்டுகிறார்கள் என்று பொருள். அந்த ஒரு காரணம் போதும், திருப்பி அனுப்புங்கள். இதை அழிப்பதற்கு முன்பே பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸை அழித்த பிறகு திருப்பி அனுப்பினால், ‘நீங்கள்தான் கெடுத்தீர்கள்’ என்று விற்றவர் வாதாட இடம் கிடைத்துவிடும்.

லைசென்ஸ் சரியாக இருந்தால், உங்கள் பழைய கணினியில் மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென்டிரைவில் விண்டோஸ் 11-ஐ ஏற்றுங்கள். மினி பிசியை அந்தப் பென்டிரைவிலிருந்து பூட் செய்யுங்கள். எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் நான்கைந்து பார்ட்டிஷன்கள் தெரியும். சிறியது, பெரியது, ரெக்கவரி என்று பார்க்காமல் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் ‘அன்அலொகேட்டட் ஸ்பேஸ்’ என்ற ஒரே வரி மட்டும் மிஞ்ச வேண்டும். அதில்தான் புதிதாக நிறுவ வேண்டும். லைசென்ஸ் உண்மையானது என்றால், இணையத்தில் சேர்ந்ததும் அதே ஹோம் அல்லது புரோ பதிப்பு தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. புதிதாக நிறுவும் விண்டோஸுக்கு அந்தப் பெட்டியின் வைஃபை சிப் அடையாளம் தெரியாமல் போகலாம். இணையம் இல்லாமல் விண்டோஸ் நிறுவும் வேலை மேலே நகராது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் செருகி, போனின் இணையத்தைக் கணினிக்குத் தரும் டெதரிங் கொடுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும். டிரைவர்களை (வைஃபை, கிராஃபிக்ஸ் போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்) ஏஎம்டி, இன்டெல், ரியல்டெக் என்று சிப் செய்தவர்களின் தளத்திலிருந்தே எடுங்கள். சின்ன பிராண்டுகள் சில, கூகுள் டிரைவ் இணைப்பு ஒன்றைக் கொடுத்து ‘எல்லா டிரைவரும் இதில் இருக்கிறது’ என்பார்கள். கழுவிய பாத்திரத்தில் மறுபடி பழைய குழம்பையே ஊற்ற வேண்டாம்.

இதோடு எஸ்எஸ்டியில் இருந்தது எல்லாம் போய்விடும். போகாதது பயாஸ். அது போர்டில் தனிச் சிப்பில் இருக்கிறது. விண்டோஸை எத்தனை முறை அழித்தாலும் அதைத் தொடாது. கணினி ஆன் ஆனதும் முதலில் ஓடுவதும் அதுதான். தொழிற்சாலையில் பயாஸுக்குள்ளேயே வைரஸ் வைத்து விற்பார்கள் என்று நான் பயமுறுத்த வரவில்லை. என் கவலை சாதாரணமானது: ஓட்டை தெரிந்த பிறகு அடைக்க ஆள் இருக்கிறதா? 2024 ஆகஸ்டில் ஏஎம்டி சிப்களில் (ரைசனும் அவர்களுடையதுதான்) ‘சிங்க்குளோஸ்’ என்ற ஓட்டை வெளியே வந்தது. ஏஎம்டி திருத்தம் கொடுத்துவிட்டது. ஆனால் அது உங்கள் கைக்கு வர, போர்டு செய்தவர் அதைச் சேர்த்துப் புதிய பயாஸ் வெளியிட வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு ‘பிகேஃபெயில்’ என்று இன்னொன்று. ஏசர், டெல், கிகாபைட் உட்படப் பல நிறுவனங்களின் நூற்றுக்கணக்கான மாடல்களில், செக்யூர் பூட்டின் (கணினி ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் பாதுகாப்பு) தலைச் சாவியாக, சோதனைக்காகக் கொடுத்த மாதிரிச் சாவியையே மாற்றாமல் விட்டிருந்தார்கள். ‘இதை நம்ப வேண்டாம்’ என்று அதன் பெயரிலேயே எழுதியிருந்தது. பெரிய நிறுவனங்களே அதைப் படிக்காமல் அனுப்பியிருக்கின்றன. ஆனால் அவர்களிடம் திருத்தம் வெளியிட ஆளும் இணையப் பக்கமும் உண்டு. பெயர் தெரியாத பிராண்டில் அந்த மாடல் விற்றுத் தீர்ந்ததும் கதை முடிந்துவிடுவது சகஜம்.

செக்யூர் பூட் உங்கள் மகனுக்கும் வேண்டும். விண்டோஸ் 11-ல் வேலரன்ட் கேம் ஓட வேண்டுமானால் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி), செக்யூர் பூட் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். பேட்டில்ஃபீல்ட் 6-ம் செக்யூர் பூட் கேட்கிறது. அத்துடன், 2011-ல் மைக்ரோசாஃப்ட் கொடுத்த செக்யூர் பூட் சான்றிதழ்களின் காலம் 2026-ல், ஜூன் மாதத்திலிருந்து முடியத் தொடங்குகிறது. புதியவை விண்டோஸ் அப்டேட் வழியாக வரும். சில கணினிகளில் அதற்கும் பயாஸ் ஒத்துழைக்க வேண்டும்.

ஆகவே பணம் கட்டும் முன் அந்த பிராண்டின் தளத்துக்குப் போய், சப்போர்ட் பக்கத்தில் இரண்டு வருடம் பழைய மாடல் ஒன்றைத் தேடுங்கள். பயாஸ் கோப்பு தேதியோடு இருக்கிறதா, மாடல் வெளிவந்து பல மாதம் கழித்தும் புதிது வந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த பிராண்டுக்கு மதிப்புக் கொடுக்கலாம். பிறகு நீங்கள் பயாஸ் அப்டேட் செய்யும்போது, எஸ்எஸ்டியைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயை முன்னதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அப்டேட் முடிந்து ஆன் ஆகும்போது அது கேட்டு, கையில் இல்லையென்றால் உள்ளே இருக்கும் கணக்கு வழக்கெல்லாம் பூட்டியபடியே நின்றுவிடும்.

தள்ளுபடி ஏன் என்ற கேள்விக்கு வருவோம். 68,000 என்று அடித்துக் காட்டிய விலையை மறந்துவிடுங்கள். அதே ப்ராசஸர், அதே ராம் உள்ள மற்ற பெட்டிகள் இன்று என்ன விலை என்று மட்டும் பாருங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிக் கிடக்கிறது. அந்த நேரத்தில் 32 ஜிபியோடு ஒன்று மட்டும் தனியாக மலிவாகக் கிடைத்தால், ஒருவர் வாங்கித் திருப்பிக் கொடுத்ததாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. விண்டோஸைப் புதிதாக நிறுவியதும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டு, எஸ்எஸ்டி மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதுப் பெட்டியில் சில மணி நேரம்தான் இருக்கும். 300 மணி என்று காட்டினால் அது புதியது இல்லை. படம் பிடித்து வைத்துக்கொண்டு விற்றவரிடம் கேளுங்கள்.

அடாப்டரிலும் பெட்டியிலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) குறியும் ‘ஆர்’ என்று தொடங்கும் எண்ணும் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு என்று தெரியும். அது மின்சாரப் பாதுகாப்புக்கான சான்று, வைரஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் மணிக்கணக்கில் கேம் ஓடும் பெட்டிக்கு அடாப்டர் சரியாக இருப்பது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக நெட் பேங்கிங். இத்தனையும் செய்து முடித்த பிறகும், உங்கள் ஜிஎஸ்டியையும் வங்கியையும் அந்தக் கணினியில் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் சீனாவும் இல்லை, தள்ளுபடியும் இல்லை. கேம் விளையாடும் கணினியில் இன்றில்லாவிட்டால் நாளை ஒரு சீட் (ஏமாற்றி ஜெயிக்க உதவும் கருவி), ஒரு மோட் (கேமை மாற்றும் கோப்பு), ‘இலவசமாக’ ஒரு கிராக் கேம் ஏறும். முன்பு சொன்ன ரெட்லைன் போன்றவை அதிகமாகப் பரவுவது இந்த வழியில்தான். உங்கள் மகன் பொறுப்பான பிள்ளையாகவே இருக்கட்டும், டிஸ்கார்ட் அரட்டைச் செயலியில் நண்பன் அனுப்பும் ஒரு கோப்பு போதும். கணக்கு வேலைக்கு உங்கள் பழைய லேப்டாப் போதும், அதில் விண்டோஸ் 11 ஏறும் என்றால். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. ஒரே கணினிதான் வைக்க முடியும் என்றால், அட்மின் உரிமை உள்ள கணக்கை உங்களிடம் வைத்துக்கொண்டு மகனுக்குச் சாதாரணக் கணக்கு கொடுங்கள். பிரவுசரில் வங்கிப் பாஸ்வேர்டைச் சேமிக்கவே சேமிக்காதீர்கள். புதிதாக எதையாவது நிறுவ அவன் உங்களைக் கூப்பிட வேண்டியிருக்கும். முதல் வாரம் சலித்துக்கொள்வான். ஏன் என்று உட்கார வைத்துச் சொன்னால் புரிந்துகொள்கிற வயதுதான்.