ஸ்கி படகுக்கு எந்த டிரெய்லர்? தகட்டில் உள்ள 1,400 கிலோவை நம்பிவிடாதீர்கள்

கேள்வி: மெல்பேர்னில் வசிக்கிறேன். நடுவில் எஞ்சின் பொருத்திய, 17 அடி நீளமுள்ள பழைய ஸ்கி படகு (நீர்ச்சறுக்கு ஆடுபவர்களை இழுக்கும் படகு) ஒன்றை டிரெய்லர் இல்லாமல் வாங்கியிருக்கிறேன். கையேட்டின்படி படகின் எடை 980 கிலோ. படகை முடித்துக் கொடுத்த இடைத்தரகர், ரோலர் வைத்த ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்றை மலிவாகத் தருவதாகச் சொல்கிறார். அதன் தகட்டில் ஏ.டி.எம். 1,400 கிலோ, சொந்த எடை 380 கிலோ என்று இருக்கிறது. படகு போக 420 கிலோ மிச்சம், ஏரிக்கு மட்டும் போவதால் பிரேக்கும் தேவையில்லை என்கிறார். என் வண்டி 2,000 கிலோ வரை இழுக்கும். எப்பலாக் ஏரிக்கும், முர்ரே ஆற்றங்கரையில் உள்ள எச்சூக்காவுக்கும்தான் போவோம். இதை வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். உங்கள் இடைத்தரகர் சொன்ன இரண்டும் தவறு. அவர் சொல்லாமல் விட்ட மூன்றாவது விஷயம் அவற்றைவிடப் பெரிய தவறு.

முதலில் அந்த 420 கிலோவைப் பார்ப்போம். ஏ.டி.எம். என்றதும் நம்மவர்களுக்குப் பணம் எடுக்கும் இயந்திரம்தான் நினைவுக்கு வரும்; டிரெய்லர் தகட்டில் அது குறிப்பது, டிரெய்லரும் அதன் மேல் ஏற்றிய அனைத்தும் சேர்ந்து எட்டக்கூடிய உச்ச எடையை. ஆகவே 1,400 கிலோவில் டிரெய்லரின் சொந்த எடையான 380 கிலோவைக் கழித்த பிறகு மிஞ்சும் 1,020 கிலோதான் நீங்கள் ஏற்றக்கூடியது. இந்தக் கழித்தலைச் செய்யாமல் விற்பவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். தெரியாமல் செய்கிறார்கள் என்று முதல் சில ஆண்டுகள் நம்பினேன், இப்போது நம்புவதில்லை.

980 கிலோ படகு 1,020 கிலோவுக்குள் அடங்கிவிடுகிறதே என்று நீங்கள் கேட்கலாம். கையேட்டில் உள்ள எடை, பெட்ரோல் இல்லாத, சாமான் இல்லாத, ஈரம் படாத புதுப் படகின் எடை. தொட்டியில் 110 லிட்டர் பெட்ரோல் நிரப்பினால் அதுவே 80 கிலோவைத் தாண்டும். பேட்டரி, நங்கூரம், சங்கிலி ஆகியவற்றுக்கு 30 கிலோ, சறுக்குப் பலகைகள், கயிறு, உயிர்காப்பு உடைகள், காற்றடைத்த வளையம் ஆகியவற்றுக்கு 40 கிலோ, பனிக்கட்டியும் பானங்களும் நிரப்பிய எஸ்கி பெட்டிக்கு 30 கிலோ என்று கூட்டிக்கொண்டே போனால் 1,160 கிலோவை எட்டிவிடுவீர்கள். பழைய படகாக இருந்தால் தரைக்கு அடியில் அடைத்த நுரை பல ஆண்டுகளாகத் தண்ணீர் குடித்து ஊறியிருக்கவும் கூடும். அந்த எடை எந்தக் கையேட்டிலும் இருக்காது. எனவே பணம் கொடுக்கும் முன், இரவல் டிரெய்லரில் படகை ஏற்றி, வழக்கமாக எடுத்துச் செல்லும் சாமான்களோடு, வண்டியிலிருந்து கழற்றி, பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்துங்கள். பிறகு படகை ஏரியில் இறக்கிவிட்டு வெறும் டிரெய்லரை மட்டும் நிறுத்துங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் படகின் எடை. அதற்கு ஆகும் கட்டணம் ஒரு டயரின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

அடுத்தது பிரேக். ஆஸ்திரேலிய விதிகளில் ஏரிக்குப் போகும் டிரெய்லர், கடலுக்குப் போகும் டிரெய்லர் என்ற பிரிவு கிடையாது. இருப்பது எடை மட்டுமே. ஜி.டி.எம்., அதாவது வண்டியில் மாட்டிய டிரெய்லரின் சக்கரங்களின் மேல் நிற்கும் எடை, 750 கிலோவைத் தாண்டினால் குறைந்தது ஓர் அச்சிலாவது பிரேக் இருக்க வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் பிரேக் வேண்டும், அதை ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்தே இயக்கக்கூடியதாக இருக்க வேண்டும், டிரெய்லர் கழன்று போனால் தானாகப் பிடித்துக்கொள்ளும் அமைப்பும் வேண்டும். நீங்கள் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் இருக்கிறீர்கள். வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளும் விசையிலேயே இயங்கும் ஓவர்ரைடு பிரேக் உங்களுக்குப் போதும்.

இங்கே ஒரு விதிவிலக்கைச் சொல்லியே ஆக வேண்டும். இதைத் தவறாகப் புரிந்துகொண்டு தேவையில்லாமல் செலவழித்தவர்கள் உண்டு. 2,000 கிலோ என்ற அந்த எல்லை ஏ.டி.எம்.முக்கு அல்ல, ஜி.டி.எம்.முக்கு உரியது. டிரெய்லரை வண்டியில் மாட்டிய பிறகு அதன் எடையில் ஒரு பகுதி டோபால் (வண்டியின் பின்னால் டிரெய்லரை மாட்டும் உருண்டை) வழியாக வண்டியின் மேல் இறங்கிவிடும். மீதி சக்கரங்களின் மேல் நிற்பதுதான் ஜி.டி.எம். ஆகவே ஏ.டி.எம். 2,150 கிலோ உள்ள ஒரு டிரெய்லரில் 190 கிலோ டோபாலில் இறங்கினால், ஜி.டி.எம். 1,960 கிலோதான், அதற்கு ஓவர்ரைடு பிரேக் சட்டப்படி போதும். ஆனால் உங்கள் வண்டியின் இழுவை வரம்பான 2,000 கிலோவை மாட்டாத டிரெய்லரின் முழு எடையோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதால், அந்த டிரெய்லரை முழுச் சுமையோடு இழுக்க உங்களுக்கு அனுமதி இல்லை. இவ்வளவு விளக்கியும் இந்தச் சலுகை உங்களுக்குப் பயன்படவில்லை. ஆனாலும் யாராவது இதைச் சொல்லிக் குழப்பினால் ஏமாறாமல் இருப்பீர்கள்.

இனி அவர் சொல்லாமல் விட்டது. ரோலர் டிரெய்லர், அலுமினிய மீன்பிடிப் படகை ஆழமில்லாத கரையில் உருட்டி இறக்குவதற்கு நல்லது. உங்களுடையது கண்ணாடியிழை உடல் கொண்ட படகு. ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட எடையைச் சில ரப்பர் உருளைகளின் முனையில் தாங்கவிட்டால், அந்த இடங்களில் உடல் நாளடைவில் குழிந்து போகும். அதைவிட முக்கியமாக, நடு எஞ்சின் ஸ்கி படகின் அடிவயிற்றில் மீனின் துடுப்பைப் போலத் திசை காக்கும் தகடுகளான துடுப்புகளும், சாய்ந்து இறங்கும் தண்டும், புரொபெல்லரும், சுக்கானும் தொங்குகின்றன. படகு டிரெய்லரில் ஏறும்போது குறுக்குச் சட்டங்கள் இவற்றுக்கு வழிவிட வேண்டும். ஒருமுறை என் பட்டறைக்கு வந்த படகில், துடுப்பு ஒன்று நேரான குறுக்குச் சட்டத்தில் மோதி, தான் பொருத்தப்பட்டிருந்த இடத்தோடு சேர்ந்து உடலைப் பிளந்திருந்தது. டிரெய்லரை விற்றவர், "எல்லாப் படகுக்கும் பொருந்தும்" என்று சொன்னாராம். எல்லாப் படகுக்கும் பொருந்தும் டிரெய்லர் எதுவும் எனக்குத் தெரிந்து கிடையாது.

உங்களுக்கு வேண்டியது, படகின் அடிவளைவுக்கு ஏற்பச் சாய்த்துப் பொருத்திய, படகு உட்காரும் நீளமான ஸ்கிட் பலகைகள், நடுவில் தாழ வளைத்த குறுக்குச் சட்டங்கள், பின்புறம் புரொபெல்லருக்கு ஒரு காவல் கம்பி. பலகைகளின் மேல் கம்பளம் ஒட்டியிருக்கும். அதன் மேல் உள்ளங்கையை முழு நீளத்துக்கும் அழுத்தித் தடவிப் பாருங்கள். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின் ஒன்று தலைதூக்கியிருந்தால்கூட, முதல் நாளே படகின் பளபளப்பான மேல்பூச்சில் மயிரிழை போன்ற கோடு ஒன்று முன்முனையிலிருந்து பின்முனை வரை விழுந்துவிடும். படகை ஏற்றிக் காட்டாமல் பணம் கேட்பவரிடம் வாங்காதீர்கள். ஏற்றிய பிறகு டார்ச் விளக்கோடு கீழே படுத்துப் பாருங்கள். துடுப்புக்கும் சட்டத்துக்கும் இடையே மூடிய கைமுட்டி நுழையுமளவு இடம் வேண்டும்.

ஒற்றை அச்சா, இரட்டை அச்சா என்றால், உங்கள் எடைக்கு நான் இரட்டையைத்தான் சொல்வேன். நெடுஞ்சாலையில் ஆட்டம் குறைவு. ஒரு டயர் வெடித்தாலும் படகு சாய்ந்து விழாது. கையால் தள்ளித் திருப்புவது மட்டும் சிரமம். டிரெய்லரின் எடை 480 கிலோ என்று வைத்துக்கொண்டாலும் மொத்தம் 1,640 கிலோதான் வரும், எனவே ஏ.டி.எம். 1,900 கிலோ அளவில் பிரேக்கோடு கூடிய ஒன்றைத் தேடுங்கள். டோபாலில் மொத்த எடையின் 10 சதவீதம் போல, அதாவது 160 கிலோ இறங்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும். உங்கள் வண்டியின் டோபால் அவ்வளவு தாங்குமா என்பதைக் கையேட்டில் தனியாகப் பாருங்கள். இழுவை வரம்பு வேறு, இது வேறு. துத்தநாகம் பூசியதையே வாங்குங்கள்.

புது டிரெய்லர் வாங்குவதானால், 2021 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி அது மத்திய அரசின் அங்கீகரிக்கப்பட்ட வாகனப் பதிவேட்டில் இருக்கிறதா என்று அடையாள எண்ணை வைத்துத் தேடலாம். தேடுங்கள், ஆனால் அதோடு நிம்மதி அடைந்துவிடாதீர்கள். இந்த அளவு டிரெய்லர்களுக்கு அந்தப் பதிவு பெரும்பாலும் தயாரிப்பாளர் தாமே கொடுக்கும் உறுதிமொழியின் மேல் நிற்கிறது. ஒரு குடிமகன் மெக்கானிக்கைப் போலக் கீழே படுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும் என்ற நிலையில் ஒரு நாடு விதி எழுதி வைத்திருப்பது எனக்கு விளங்குவதே இல்லை. பழைய டிரெய்லரில், தகட்டின் ஆணிகள் புதிதாகவும் சட்டம் பழையதாகவும் இருந்தால் அங்கேயே விலகிவிடுங்கள். தகடு மாறினால் அச்சின் பலம் மாறிவிடாது. எடை மீறிய டிரெய்லர் விபத்தில் சிக்கினால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்கவும் இடமுண்டு.

எச்சூக்காவுக்கு முதல்முறை போகும்போது, மெல்பேர்னிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை நேராக ஓட்டிவிடாமல், வழியில் உள்ள கில்மோரில் நிறுத்திச் சக்கரங்களின் நடுக்குமிழை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கமாக இருக்கிறது, அல்லது பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. அங்கிருந்து மேலே இழுக்காதீர்கள். ஆற்றங்கரை சேர்ந்ததும், சூடான பேரிங் குளிர்ந்த நீரில் மூழ்கினால் நீரை உள்ளிழுத்துக்கொள்ளும் என்பதால், விளக்கு இணைப்பைக் கழற்றிவிட்டு, ஒரு தேநீர் குடிக்கும் நேரம் பொறுத்த பிறகு டிரெய்லரைத் தண்ணீரில் இறக்குங்கள்.