முரசில் இரத்தம் கசிந்தால்: வாசகர் கேள்விகளும் பல் வைத்தியரின் பதில்களும்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 51. இரண்டு வருடமாகப் பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் வருகிறது. நோவு இல்லாதபடியால் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது கீழ் முன்பற்கள் இரண்டு இலேசாக ஆடுகின்றன. பல் வைத்தியர் பல்லில் இறுகிப் படிந்திருக்கும் பற்காரையை அகற்ற வேண்டும் என்றார். ஆனால், பல்லைக் கிளீன் பண்ணினால் இருக்கிற பல்லும் ஆடத் தொடங்கிவிடும் என்று என் மச்சாள் தடுக்கிறார். எனக்கு எட்டு வருடமாக நீரிழிவும் உண்டு. நான் என்ன செய்ய வேண்டும்?
(கொக்குவில் வாசகி)

பதில்: உங்கள் மச்சாளின் பேச்சை யாழ்ப்பாணத்தில் நான் அநேகமாக ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதற்குத் தவறான காரணம் கற்பிக்கிறார். பற்களைத் தாங்கி நிற்பது தாடை எலும்பு. முரசு நோய் முற்றும்போது அந்த எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோக, இன்னொரு பக்கம் காரை பல்லுக்குப் பல் படர்ந்து, ஆட வேண்டிய பற்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்தவுடன் அதுவரை மறைந்திருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. பல்லை ஆட வைத்தது சுத்திகரிப்பு அல்ல, அதற்குப் பல வருடங்கள் முன்னரே தொடங்கிய எலும்புத் தேய்வு. காரையை அப்படியே விட்டுவைத்தால் அந்தத் தேய்வு நிற்காமல் தொடரும், பிறகு எவராலும் அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியாமல் போகும்.

நோவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயில் நான் மிகவும் அஞ்சுவது இந்த நோவின்மையைத்தான். சொத்தைப் பல் இரவில் நித்திரை கொள்ள விடாது, ஆகவே ஆட்கள் ஓடி வருகிறார்கள். முரசு நோயோ சத்தமில்லாமல் வேரடி வரை இறங்கிவிடும். கையில் தோல் உரசி ஒவ்வொரு நாளும் இரத்தம் கசிந்தால் ஒரு கிழமைகூடப் பொறுத்திருக்க மாட்டோம். வாயில் கசிந்தால் இரண்டு வருடம் பொறுத்திருக்கிறோம். ஆரோக்கியமான முரசு, துலக்கும்போது இரத்தம் கசியாது.

இரத்தம் ஏன் வருகிறது என்பதை 1965 இல் நோர்வே நாட்டுப் பல் வைத்திய ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் எளிய முறையில் காட்டினார்கள். முரசு நலமாயிருந்த பன்னிரண்டு பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்தபோது, பத்து முதல் இருபத்தொரு நாட்களுக்குள் எல்லோருக்கும் முரசு அழற்சி வந்தது. மீண்டும் துலக்கத் தொடங்கிய பின் ஏறக்குறைய ஒரு கிழமையில் அது மாறியது. பல்லின் ஓரத்தில் படியும் கிருமிப் படலமே காரணம் என்பதும், தொடக்க நிலையில் இந்த நோய் முழுமையாக மாறக்கூடியது என்பதும் அதனால் உறுதியாயின.

அவரே பின்னர் நம் நாட்டின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில், பல் துலக்கும் பழக்கமோ பல் வைத்திய வசதியோ இல்லாதிருந்த 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 1985 வரை தொடர்ந்து பரிசோதித்தார். உலகின் பல் வைத்திய மாணவர்கள் இன்றும் படிக்கும் ஆய்வு அது. அந்தத் தொழிலாளர்களில் நூற்றுக்கு 8 பேருக்கு நோய் மிக வேகமாக முற்றியது, 81 பேருக்கு நடுத்தர வேகத்தில் நகர்ந்தது, 11 பேருக்கு முரசு அழற்சியோடு நின்றுவிட்டது. படலம் எல்லோர் வாயிலும் இருந்தும், உடல் அதை எதிர்கொள்ளும் விதம் ஆளுக்கு ஆள் வேறுபட்டது. ஆகவே, அயலவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து உங்கள் முரசை எடைபோட முடியாது. நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இந்த நோய் வரும் அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு.

சிகிச்சை இப்படி நடக்கும். முதல் நாளில் மில்லிமீற்றர் கோடிட்ட மெல்லிய கருவியை ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் முரசுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள். மூன்று மில்லிமீற்றர் வரை சரி. நான்கோ அதற்கு மேலோ என்றால் அங்கே முரசு பல்லை விட்டு விலகிப் பை உண்டாகியிருக்கிறது. ஆறு, ஏழு என்று இறங்கினால் நீங்கள் எப்படித் துலக்கினாலும் தூரிகை அடிவரை எட்டாது. எலும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை எக்ஸ்றே காட்டும். அதன்பின் மேற்காரையை அகற்றி, ஆழமான இடங்களில் விறைப்பூசி போட்டு வேரின் மேற்பரப்பைச் சுத்தம் செய்வார்கள். ஏறக்குறைய மூன்று மாதம் கழித்து அதே ஆழங்களை மறுபடி அளப்பார்கள். அப்போதும் ஆழம் குறையாத ஓரிரு இடங்களுக்கு மட்டுமே முரசைத் திறந்து செய்யும் சிறு சத்திரசிகிச்சை தேவைப்படும்.

முதல் சில கிழமைகளில் பற்கள் நீண்டதுபோலத் தெரியும், குளிர்ந்த தண்ணீர் கூசும். வீங்கியிருந்த முரசு வற்றியதன் விளைவு அது. பயந்து சிகிச்சையைப் பாதியில் விட்டுவிடாதீர்கள். ஆடுகின்ற அந்த இரண்டு பற்களையும் பிடுங்கத்தான் வேண்டும் என்றில்லை. போதிய எலும்பு மிஞ்சியிருந்தால் உட்பக்கத்தில் மெல்லிய கம்பி வைத்து அயற்பற்களோடு பிணைத்து வைக்கலாம்.

சிகிச்சை நாளில் காலைச் சாப்பாட்டையும் நீரிழிவு மாத்திரையையும் தவறவிடாமல் வாருங்கள். இரத்தத்தை ஐதாக்கும் மாத்திரை எடுப்பவராயின் முன்கூட்டியே சொல்லுங்கள், ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். முரசு நோயைக் குணப்படுத்தினால் எச்பிஏ1சி என்னும் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவும் 0.3 முதல் 0.4 வீதம் வரை இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்கள் நீரிழிவு கிளினிக் வைத்தியருக்கும் இதைத் தெரியப்படுத்துங்கள்.

போதனா வைத்தியசாலையிலும் ஆதார வைத்தியசாலைகளிலும் பல் சிகிச்சைப் பிரிவுகள் உண்டு, அங்கே கட்டணம் இல்லை. ஆழமான பைகள் இருந்தால் அவர்களே உங்களைப் பல் சீரமைப்பு வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். சிகிச்சை முடிந்த பின்னரும் மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்ட வேண்டும். ஒரு நாளில் முடிந்துவிடும் வேலை என்று எவராவது உறுதி தந்தால் நம்ப வேண்டாம்.

கேள்வி: எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் கேத்தலின் அடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு படிகிறது. பல்லில் படிவதும் இதுதானா? வடிகட்டிய தண்ணீரால் வாய் கொப்பளித்தால் நின்றுவிடுமா?
(சுன்னாகம் வாசகர்)

பதில்: நல்ல கேள்வி. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடப்பதால் நம் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் வன்நீர். கேத்தலில் படிவது அதன் கல்சியம். ஆனால் பற்காரையின் கல்சியமும் பொஸ்பேற்றும் உங்கள் உமிழ்நீரிலிருந்தே வருகின்றன. கீழ் முன்பற்களின் உட்புறத்தை நாவால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் அது காரை. மேல் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கத்திலும் அது கூடுதலாகப் படியும். இந்த இரண்டு இடங்களிலும்தான் உமிழ்நீர்ச் சுரப்பிகளின் குழாய்கள் வாய்க்குள் திறக்கின்றன. கிணறு காரணமாயின் எல்லாப் பற்களிலும் ஒரே அளவில் அல்லவா படிந்திருக்க வேண்டும்?

துலக்காமல் விட்ட மென்மையான படலமே சில நாட்களில் இறுகிக் காரையாகிறது. இறுகிய பின் எந்தப் பற்பசையும் எந்தத் தண்ணீரும் அதை அகற்றாது. படலமாக இருக்கும்போதே நீக்கிவிடுவது நம் கையில் இருக்கிறது. மென்மையான நார்கள் உள்ள தூரிகையை முரசின் ஓரத்தில் சரிவாகப் பிடித்து, நார் நுனி பல்லுக்கும் முரசுக்கும் இடையிலுள்ள பிளவைத் தொடும்படி, சிறு சிறு அசைவாக நாளுக்கு இரண்டு தடவை துலக்குங்கள். பல்லிடுக்குகளுக்குத் தூரிகை போகாது. இடைவெளி உள்ளவர்கள் பல்லிடைத் தூரிகையும், நெருக்கமான பல்லுள்ளவர்கள் பல்லிடை நூலும் நாளுக்கு ஒருமுறை பயன்படுத்த வேண்டும். முதல் சில நாட்கள் இரத்தம் வரும். வருகிறதென்று நிறுத்தாதீர்கள். இரண்டு கிழமையாகியும் நிற்காவிட்டால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

கேள்வி: நான் நாற்பது வருடமாகச் சுருட்டுப் பிடிப்பவன், துலக்குவது உமிக்கரியால். முரசில் ஒரு துளி இரத்தம் கண்டதில்லை. ஆனால் பற்கள் நீண்டுகொண்டு வருகின்றன. இது வயதின் கோளாறா?
(வேலணை வாசகர்)

பதில்: ஐயா, வயதினால் மட்டும் பல் நீளுவதில்லை. புகையிலைப் புகை முரசின் குருதியோட்டத்தையும் உடலின் எதிர்ப்பையும் மந்தப்படுத்துவதால், எலும்பு கரைந்துகொண்டிருந்தாலும் இரத்தம் வெளியே தெரிவதில்லை. மற்றவர்களுக்குக் கிடைக்கும் எச்சரிக்கை உங்களுக்குக் கிடைக்காமல் போயிருக்கிறது. உமிக்கரி சொரசொரப்பானது, வருடக்கணக்கில் அழுத்தித் தேய்க்கும்போது முரசையும் வேரையும் அராவிவிடும். அதை விட்டுவிட்டு புளோரைட் உள்ள பற்பசைக்கு மாறுங்கள். வேப்பங்குச்சிமேல் விருப்பமானால் நுனியை நன்றாக மென்று மென்மையாக்கிப் பயன்படுத்தலாம், ஆனால் அது பல்லிடுக்குகளை எட்டாது. சுருட்டை நிறுத்தினால் சிகிச்சைக்கு முரசு நன்றாக இணங்கும். வெற்றிலையோடு புகையிலையும் போடுபவராயின், வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருக்கிறதா என்பதையும் அதே நாளில் பார்ப்பிக்க வேண்டும். இந்த மாதமே போங்கள்.

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. முரசு வீங்கி இரத்தம் வருகிறது. பிள்ளை பிறந்த பின் காட்டினால் போதும் என்று மாமி சொல்கிறார்.
(கரவெட்டி வாசகி)

பதில்: காத்திருக்க வேண்டாம். கர்ப்ப காலத்து ஓமோன் மாற்றத்தால், சிறிதளவு படலத்துக்கும் முரசு பெரிதாக வீங்குகிறது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையான காலம் பல் சிகிச்சைக்கு மிகவும் வசதியானது, நீங்கள் இப்போது அதற்குள் இருக்கிறீர்கள். காரை அகற்றுவதும், தேவையானால் விறைப்பூசி போடுவதும் இந்தக் காலத்தில் பாதுகாப்பானவை. அடுத்த கிளினிக் நாளில் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொன்னால் பல் சிகிச்சைப் பிரிவுக்கு வழிகாட்டுவார்; போகும்போது உங்கள் கர்ப்பிணிப் பதிவேட்டையும் கொண்டு செல்லுங்கள்.